ஆட்டத்தில் ஜெயித்தவனுக்கு நாற்காலி

அறிவியல் புனைகதை என்றால் நம்மில் பலருக்கு சுஜாதாவில் ஆரம்பித்து சுஜாதாவிலேயே முடிந்துவிடும். நான் பிரெஞ்சில் படித்தவன் என்பதால், பாரீசிலிருந்து வரும் உறவுக்காரர்கள் விட்டுப்போகும் பழைய புத்தகங்கள் வழியாக வேறு சிலவும் கிடைத்தன. அவற்றில் மூன்று நாவல்களைப் பற்றி இன்று எழுதுகிறேன். மூன்றும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டவை, நம் பக்கம் அதிகம் பேசப்படாதவை. மூன்றிலும் விளையாட்டுதான் பதவியைக் கொடுக்கிறது. ஆயுள் முழுக்க கிளார்க்காக இருந்தவன் இதைச் சும்மா படித்துவிட்டுப் போக முடியுமா?

முதலாவது, வான் வோக்ட் 1945-இல் எழுதிய 'நான்-ஏ உலகம்'. பிரெஞ்சில் பெயர்த்தவர் போரிஸ் வியான். கதை நடப்பது 2560-இல். ஒரு பெரிய இயந்திரம் ஒரு மாத காலம் ஆட்டங்கள் நடத்தி, யாருக்கு என்ன உத்தியோகம் என்று தீர்மானிக்கிறது. மிகச் சிறந்தவர்களுக்கு வெள்ளி கிரகத்தில் வாழ இடம். ஆனால் அந்த இயந்திரத்தையே ஏமாற்ற ஒரு கும்பல் வழி கண்டுபிடித்துவிடுகிறது.

இரண்டாவது, பிலிப் கே. டிக்கின் 'சோலார் லாட்டரி', 1955. இங்கே ஆட்சித் தலைவரே குலுக்கலில் வருகிறார். மிஞ்சிய சரக்கை வினாடி வினாப் பரிசாகக் கொடுத்துப் பழகிய சமுதாயம், கடைசியில் அதிகாரத்தையும் அப்படியே கொடுக்க ஆரம்பித்துவிட்டதாம். எதற்கும் காரணம் இல்லை என்றானதும் ஜனங்கள் தாயத்துகளை நம்புகிறார்கள்.

மூன்றாவது, இயன் பேங்க்ஸின் 'தி ப்ளேயர் ஆஃப் கேம்ஸ்', 1988. ஆஸாத் என்ற சாம்ராஜ்யத்தில் அதே பெயருடைய ஆட்டம். கடைசிவரை ஜெயிப்பவர் சக்கரவர்த்தி. மற்றவர்களுக்கு அவரவர் வந்த சுற்றைப் பொறுத்துப் பதவி. ஆடும் உரிமை எல்லோருக்கும் உண்டு என்பார்கள். ஆனால் அங்குள்ள மூன்று பாலினத்தில் ஆளுகிற ஒன்றுதான் எப்போதும் மேலே வரும்.

போட்டியே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். சிபாரிசுக்கு ஆள் இல்லாத எத்தனையோ வீட்டுப் பிள்ளைகள் பரீட்சை எழுதித்தான் அரசு அலுவலகத்துக்குள் வந்தார்கள். என்னோடு வேலை செய்தவர்களில் பாதிப் பேர் அப்படி வந்தவர்கள்தான்.

ஆனால் எங்கள் அலுவலகத்தில் ஒரு வழக்கம் இருந்தது. சீனியாரிட்டிப் பட்டியலை முதலில் தற்காலிகமாகத்தான் வெளியிடுவார்கள். எல்லோரும் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். ஆட்சேபணை இருந்தால் குறிப்பிட்ட தேதிக்குள் எழுதிக் கொடுக்கலாம். பியூனும் கொடுக்கலாம். அதை வாங்கி, பதில் எழுதி, ஃபைலில் சேர்க்கும் வேலையை நானே பல வருஷம் பார்த்தேன். பதில் எழுதாமல் இறுதிப் பட்டியல் போக முடியாது.

மேலே சொன்ன மூன்று உலகத்திலும் இல்லாதது அந்த ஒரு காகிதம்தான்.

இது ஏதோ 2560-இல் வரப்போகும் விஷயம் என்று நினைக்காதீர்கள். ஒரு நாள் விட்டால் வரிசை அறுந்துவிடும் என்று என் பேத்தி காய்ச்சலிலும் போனைத் தேடுகிறாள். போனில் பாஷை கற்கிறாளாம். அது போகட்டும், விளையாட்டு. சாப்பாடு கொண்டுவரும் பையனுக்கு அது விளையாட்டு இல்லை. இத்தனை ஆர்டர் முடித்தால் இவ்வளவு ஊக்கத்தொகை, நாம் போடும் நட்சத்திரம் குறைந்தால் அவனுக்குக் கவலை. மழையில் தாமதமாக வந்தேன் என்று அவன் எழுதிக் கொடுக்க வேண்டுமானால் யாரிடம் கொடுப்பான்?

பிழைப்பைத் தீர்மானிக்கும் எந்த ஆட்டத்துக்கும் ஆட்சேபணை மனு வாங்க ஒரு மேஜை இருக்க வேண்டும். மேஜைக்குப் பின்னால் ஒரு மனிதர் உட்கார்ந்திருக்க வேண்டும். இதுதான் என் கட்சி.

மூன்றில் ஒன்றுதான் படிக்க நேரம் உண்டு என்பவர்கள் பேங்க்ஸிலிருந்து ஆரம்பிக்கலாம். அடுத்த முறை சாப்பாடு வந்ததும், நட்சத்திரம் போடும் முன் அந்தப் பையன் முகத்தை ஒரு தடவை பாருங்கள்.