நிகோபார் கரைக்கு எத்தனை வரைபடங்கள்?

புது தில்லி: இணையத்தில் இந்தியாவுக்கெனச் சொந்தமாக ஒரு வரைபடச் சேவை வேண்டும் என்ற விருப்பம் 2009 ஆகஸ்ட் 12-ம் தேதி நிறைவேறியது. இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனமான இஸ்ரோ உருவாக்கிய "புவன்" சேவையை, அப்போதைய பிரதமர் அலுவலக இணையமைச்சர் பிருத்விராஜ் சவாண் தில்லியில் தொடங்கிவைத்தார்.

கூகுள் எர்த் சேவையுடன் ஒப்பிட்டே அன்று புவன் பேசப்பட்டது. ஆறு மீட்டருக்குச் சற்றுக் குறைந்த அளவு வரைதான் புவன் படங்களில் தெளிவு இருந்தது. கூகுளிலோ பெருநகரச் சாலைகளில் நிற்கும் வாகனங்களையே எண்ணிவிடலாம். சொந்த நாட்டை வெளிநாட்டு நிறுவனத்தின் கண்கொண்டு பார்ப்பது தெளிவாக இருந்தது என்பது வேடிக்கைதான்.

இந்தத் தயக்கத்துக்குக் காரணம் தொழில்நுட்பம் மட்டுமல்ல. கூகுள் எர்த் வெளியான 2005-ம் ஆண்டிலேயே, முக்கிய இடங்களின் படங்கள் தடையின்றிக் கிடைப்பது குறித்து அன்றைய குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் கவலை தெரிவித்தார். அதே ஆண்டின் தேசிய வரைபடக் கொள்கை, பாதுகாப்புத் துறைக்கு ஒரு வரிசை, பொதுமக்களுக்கு ஒரு வரிசை என வரைபடங்களை இரண்டாகப் பிரித்தது. 2016-ல் வெளியான வரைவு மசோதா, இந்தியாவைத் தவறாகக் காட்டும் வரைபடத்துக்கு ரூ.100 கோடி வரை அபராதம் என மிரட்டியது. எதிர்ப்பு வலுக்கவே அது சட்டமாகவில்லை. 2021 பிப்ரவரி 15-ம் தேதி மத்திய அரசு நேர் எதிர்த் திசையில் திரும்பியது. இந்திய நிறுவனங்கள் முன் அனுமதியின்றியே வரைபடம் தயாரிக்கலாம் என்றது.

இந்த மாற்றத்தின் பலன் மிகவும் தேவைப்படும் பகுதிகளில் ஒன்று அந்தமான் நிகோபார். 2004 டிசம்பர் 26-ம் தேதி நிலநடுக்கம் அத்தீவுகளின் வடிவத்தையே மாற்றிவிட்டது. வட அந்தமானில் நிலம் உயர்ந்து பவளப்பாறைகள் நீருக்கு வெளியே வந்தன. தெற்கே கிரேட் நிகோபாரின் இந்திரா முனை சுமார் 4.25 மீட்டர் தாழ்ந்தது. அங்குள்ள கலங்கரை விளக்கத்தின் அடிப்பகுதியைக் கடல் சூழ்ந்தது. பழைய வரைபடங்களில் இருந்த கரை ஒரே நாளில் பொய்யானது. ஆனால், சென்னையிலிருந்து சுமார் 2,300 கி.மீ. கடலடிக் கம்பிவடம் 2020 ஆகஸ்டில் செயல்பாட்டுக்கு வரும் வரை, கனமான செயற்கைக்கோள் படம் ஒன்றை இணையத்தில் திறந்து பார்ப்பதே தீவுவாசிகளுக்குப் பெரும்பாடாக இருந்தது.

இன்று படம் திறக்கிறது. எந்தப் படத்தை நம்புவது என்பதே இப்போதைய கேள்வி. கிரேட் நிகோபாரின் கலாத்தியா விரிகுடாவில் சரக்குப் பெட்டகத் துறைமுகம், அத்துடன் விமான நிலையம், நகரியம், மின் நிலையம் என சுமார் 166 சதுர கி.மீ. பரப்பிலான திட்டத்துக்கு 2022 நவம்பரில் சுற்றுச்சூழல் அனுமதி வழங்கப்பட்டது. திட்டப் பரப்பில் சுமார் 7 சதுர கி.மீ., துறைமுகம் அமைக்கத் தடையுள்ள கடலோர ஒழுங்குமுறை மண்டலம் 1-ஏ பிரிவில் வருவதாகத் தீவுகளின் கடலோர ஆணையத்தின் தகவல் கூறியது. 2023 ஏப்ரலில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் இதைக் குறிப்பிட்டு, ஆராய உயர்நிலைக் குழு அமைத்தது. அதன் பின் சென்னையில் உள்ள நிலைத்த கடலோர மேலாண்மைக்கான தேசிய மையம் களத்தில் சரிபார்த்து, திட்டப் பகுதி எதுவும் 1-ஏ பிரிவில் இல்லை என்றது.

ஒரே கரைக்கு இரண்டு அரசு அமைப்புகளின் இரண்டு முடிவுகள். களஆய்வு படத்தைத் திருத்துவது இயல்பே. செயற்கைக்கோள் தவறுவதும் உண்டு. அப்படியானால் எந்தத் தேதியில், எந்த இடங்களில், எந்த அளவுகோலில் அளந்தார்கள் என்பதைக் காட்டுவதில் என்ன தடை? தேசப் பாதுகாப்பு என்பது பதில். கேம்ப்பெல் விரிகுடாவில் கடற்படையின் ஐ.என்.எஸ். பாஸ் தளம் உள்ளது. மலாக்கா நீரிணையை நோக்கிய தீவு அது. தளத்தை மறைப்பதில் யாருக்கும் ஆட்சேபம் இருக்க முடியாது. ஷோம்பென் மக்கள் காட்டில் எங்கே தங்குகிறார்கள் என்பதையும் மறைக்கத்தான் வேண்டும். வெளியாரின் நோய் அவர்களை அழித்துவிடும். ஆனால் பவளப்பாறை எங்கே இருக்கிறது, அலை எதுவரை ஏறுகிறது என்பவை ராணுவ ரகசியங்கள் அல்ல.

மறுபுறம், சுனாமிக்கு முன் சிங்கென், கோகியோன், புலோ பக்கா போன்ற ஊர்களில் வாழ்ந்த நிகோபாரிகள், அரசு அமைத்த குடியிருப்புகளில் இன்னமும் தங்கியிருக்கிறார்கள். மூதாதையர் ஊருக்குத் திரும்ப வேண்டும் என்பது அவர்களின் நீண்டநாள் கோரிக்கை. திட்டத்துக்குத் தந்த இசைவை அவர்களது பழங்குடி மன்றம் 2022 நவம்பரில் திரும்பப் பெற்றது. ஆளில்லாத கரை என்று செயற்கைக்கோள் காட்டும் இடம் அவர்களுக்குத் தென்னந்தோப்பும் முன்னோர் மண்ணும் ஆகும்.

புவன் போன்ற அரசுச் சேவையில் ஏற்கெனவே பல துறைகளின் தகவல்கள் அடுக்கடுக்காக ஏற்றப்பட்டுள்ளன. கலாத்தியா கரையின் பழைய மண்டல எல்லையையும், களஆய்வில் திருத்திய எல்லையையும், கைவிடப்பட்ட ஊர்களையும் தேதியுடன் அதில் ஏற்ற இஸ்ரோவுக்குப் புதிய செயற்கைக்கோள் எதுவும் தேவையில்லை. சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் அனுமதி போதும்.