மூலிகைதானே!

காரைக்காலில் என் மாமாவுக்கு ராத்திரி 2 மணிக்கு வலது கால் கட்டைவிரல் வீங்கிவிட்டது. போர்வை பட்டாலே அலறினார். முந்தின நாள் ஒரு விசேஷம். நெத்திலி வறுவல், கூடவே பீர். புதுச்சேரி மாநிலத்து ஊராச்சே, பீருக்கா பஞ்சம்? ரத்தத்தில் யூரிக் அமிலம் மிஞ்சி, ஊசி ஊசியாக மூட்டில் படிந்திருக்கிறது. கவுட்.

டாக்டர் கொடுத்த சீட்டைச் சட்டைப்பையில் செருகிக்கொண்ட மாமா, வாங்கிச் சாப்பிட்டது தெருவோரத்தில் ஒருவர் விற்ற பொட்டலத்தை. அதில் பேரும் இல்லை, என்ன சேர்த்தார்கள் என்றும் இல்லை.

‘‘இங்கிலீஷ் மருந்தெல்லாம் கெமிக்கல்டா. இது மூலிகைதானே, ஒண்ணும் பண்ணாது.’’

இந்த ‘ஒண்ணும் பண்ணாது’வோடுதான் எனக்குச் சண்டை.

சீட்டில் இருந்த மாத்திரை கால்ச்சிசின். நம்ம ஊர்க் கண்வலிக்கிழங்குச் செடியின் விதையிலிருந்தும் அதை எடுக்கிறார்கள். செங்காந்தள் என்று தமிழ்நாட்டின் மாநிலப் பூவாகக் கொண்டாடுகிறோமே, அதே செடி! மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கம் விதைக்காகவே பயிரிடுகிறார்கள். 1820-ல் இந்தச் சத்தை வேறொரு செடியிலிருந்து முதலில் பிரித்தவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். அப்போது காரைக்காலும் அவர்கள் கையில்தான் இருந்தது. ஆக, மாமா பயந்து ஒதுக்கிய ‘கெமிக்கல்’, சாட்சாத் மூலிகைச் சரக்கு.

மூலிகை என்பதால் சாதுவா? அந்தக் கிழங்கைத் தின்று செத்தவர்கள் உண்டு. கால்ச்சிசின் யூரிக் அமிலத்தைக் குறைக்காது. வீங்கிய மூட்டுக்குப் படையெடுக்கும் வெள்ளை அணுக்களை மடக்கும், அவ்வளவுதான். அளவு மீறினால் வயிற்றுப்போக்கில் ஆரம்பித்து உயிரில் போய் முடியும். 2010-ல் வெளியான ஆய்வு ஒன்றில், மொத்தம் 4.8 மில்லிகிராம் சாப்பிட்டவர்களுக்கும் 1.8 மில்லிகிராம் சாப்பிட்டவர்களுக்கும் வலி ஏறக்குறைய ஒரே மாதிரிதான் குறைந்தது. வயிறு அதிகம் கெட்டது முதல் கோஷ்டிக்கு! மில்லிகிராம் பார்க்க வேண்டிய விஷயத்தில் சிட்டிகைக் கணக்கு சொல்கிறவரை என்ன செய்யலாம்?

சித்த வைத்தியத்தைக் கிண்டல் பண்ணுவதாகக் கிளம்பிவிடாதீர்கள். படித்த சித்த மருத்துவர் இந்தக் கிழங்கைச் சுத்தி செய்யாமல் தொடமாட்டார். மஞ்சளின் குர்குமின்கூட ஆய்வுக்கூடத்தில் வீக்கத்தைக் குறைக்கிறது. நல்லது. கவுட் வந்த மனிதர்களிடம் பெரிய அளவில் சோதித்துக் காட்டட்டும், மாமாவுக்கு நானே வாங்கித் தருகிறேன்.

நான் பி.காம். மருந்து தெரியாது, பில் தெரியும். சரக்கின் பெயர், எடை, தேதி, விற்றவர் விலாசம் எதுவும் இல்லாத சீட்டை எந்த ஆடிட்டரும் ஒப்புக்கொள்ள மாட்டார். கால் கிலோ துவரம்பருப்புக்கே எடைக்கல்லை உற்றுப் பார்க்கிறவர் எங்கள் மாமா!

நாலாம் நாள் வலி தாங்காமல் டாக்டர் சீட்டைத் தேடினார். அத்தை அதைச் சட்டையோடு சேர்த்துத் துவைத்திருந்தார்.