கணிதம் கேட்பவரின் கடமை அன்று

ஸ்டிரிங் குவார்ட்டெட் எனப்படும் மேற்கத்திய நால்வர் இசை, அதாவது இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ ஆகியவற்றுக்கென எழுதப்படும் இசை, கணிதத்தின் துணையோடு இயற்றப்பட்டதென்று தெரிந்தவுடனேயே, சமன்பாடு அறிந்தவர்தாம் அதைச் சுவைக்க முடியும் என்று பலரும் முடிவுகட்டிவிடுகின்றனர். அதை வெறுப்போர் மட்டுமின்றி, சூத்திரங்களை அடுக்கி விளக்க வந்தோரும் இந்த நம்பிக்கைக்கு உரமிட்டிருக்கின்றனர். இசை எவ்வாறு ஆக்கப்பட்டது என்பதும் அதை எவ்வாறு கேட்பது என்பதும் வெவ்வேறு கேள்விகள்; அவற்றை ஒன்றாக்கியதால் விளைந்த இப்பிழை, தகுதியுள்ள செவிகளை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுகிறது.

கிரேக்க இசையமைப்பாளரும் கட்டடப் பொறியாளருமான யானிஸ் செனாக்கிஸ் (1922–2001) இவ்விரு கேள்விகளும் வேறு என்பதற்குத் தக்க சான்று. தனித்தனி நிகழ்வுகளைக் கணிக்க இயலாதபோதும் அவற்றின் திரளைக் கணிக்க உதவும் நிகழ்தகவுக் கோட்பாட்டை அவர் இசைக்குள் கொண்டுவந்தார். அந்த எண்ணத்துக்கு அவர் காட்டிய மூலங்கள் மழையொலி, கோடையில் சில்வண்டுகளின் இரைச்சல், தெருவில் முழங்கிச் சிதறும் போராட்டக் கூட்டத்தின் குரல் ஆகியவை. மழையில் துளிகளை எவரும் எண்ணுவதில்லை. அது வலுப்பதையும் தணிவதையும் செவி தானாகவே உணர்கிறது. காது முன்பே அறிந்திருந்ததை ஆளும் கருவியாகவே கணிதம் அவருக்குப் பயன்பட்டது.

இயந்திரம் போட்ட கணக்கில் மனிதருக்கு இடமேது என்று கேட்போர், 1962இல் ஐபிஎம் 7090 கணினியின் உதவியோடு உருவான ‘எஸ்டி/4’ என்னும் நால்வர் இசையைச் சுட்டுவதுண்டு. ஒலிகளின் அடர்த்தி, சுருதி, நீளம், உரப்பு ஆகியவற்றை நிரல் கணித்தது உண்மையே. ஆனால் அந்த நிரலின் விதிகளை வகுத்தவரும், கிடைத்த எண்களை நால்வர் வாசிக்கத்தக்க இசைக்குறிப்பாக்கியவரும் செனாக்கிஸே.

ஆர்டிட்டி குவார்ட்டெட் என்னும் நால்வர் குழுவுக்காக அவர் 1983இல் எழுதிய ‘டெட்ராஸ்’, கேட்பதற்குக் கணிதம் தேவையில்லை என்பதை இன்னும் தெளிவாக்கும். விரலை எடுக்காமல் தந்தியின்மேல் வழுக்கி ஒரு சுருதியிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும் கிளிசாண்டோ, முதலில் ஒற்றை வயலினில் எழுந்து பிற கருவிகளுக்கும் பரவுகிறது. பின்னர் வில்லை அழுத்தித் தேய்க்கும் கரகரப்பும், கருவியின் மரவுடலைத் தட்டும் ஒலியும் அந்த ஓட்டத்தை உடைக்கின்றன. வேறோரிடத்தில் நால்வரும் சுரவரிசைகளில் விரைந்து ஏறியிறங்குகின்றனர். அவ்வரிசைகள் சல்லடைக் கோட்பாடு என்னும் எண்கணித முறையால் தேர்ந்தெடுக்கப்பட்டவை என்பதை அறியாதவருக்கும், வழுக்கலுக்கும் கரகரப்புக்கும் ஓட்டத்துக்கும் உள்ள வேறுபாடு தப்பாது.

இவ்விசை கடினமானது என்பதை மறுக்க வேண்டியதில்லை. பற்றிக்கொள்ள மெட்டில்லாதபோது நினைவு தடுமாறும். ஒருமுறை கேட்டது போதாமற் போகலாம். ஆயினும் அத்தடுமாற்றத்துக்கு மருந்து மீண்டும் கேட்பதே, இயற்கணிதம் படிப்பதன்று. அடர்த்தி எங்கே கூடுகிறது, எந்தக் கருவி கூட்டத்தைவிட்டு விலகுகிறது, அமைதி எங்கே வெட்டுகிறது என்று கவனிப்பதற்குச் செவியும் பொறுமையும் போதும். சமன்பாடு எத்துணை நேர்த்தியாயினும் காதில் உயிர்பெறாத படைப்பை அது காப்பாற்றாது. காதில் உயிர்பெற்ற படைப்புக்கு அதன் சான்றிதழ் தேவையுமில்லை. தீர்ப்பளிக்கும் உரிமை கேட்பவருடையது. கணிதம் தெரியாது என்பதற்காக எவரும் அதை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை.