ஸ்கேன் அறைக்கு நோயாளியாகத்தான் போக வேண்டுமா?

எக்ஸ்ரே, ஸ்கேன் துறைக்கு ஒரு பிள்ளை ஏன் வருகிறது என்று கேட்டால், நம்மிடம் தயாராக ஒரு கதை இருக்கிறது. வீட்டில் யாருக்கோ உடம்பு முடியாமல் போனது, ஸ்கேன் எடுத்தபோதுதான் நோய் தெரிந்தது, அன்றே பிள்ளை முடிவெடுத்துவிட்டது. இப்படி நடப்பதும் உண்டு. ஆனால் ஒரு துறைக்கு ஆள் சேர்க்க இதையே நம்பியிருப்பது வீண். நோயாளியோடு வரும் குடும்பம் பார்ப்பதெல்லாம் மூடிய கதவும், அதன் மேல் எரியும் சிவப்பு விளக்கும், கடைசியில் கைக்கு வரும் ரிப்போர்ட் கவரும்தான். உள்ளே படமெடுத்தவர் யார் என்பதே பலருக்குத் தெரியாது. நன்றியெல்லாம் டாக்டருக்குப் போகும். அந்த அனுபவம் பிள்ளையை டாக்டராக ஆசைப்பட வைக்கும். நீட் மதிப்பெண் கைகொடுக்காதபோது, ரேடியோகிராபி படிப்பு இரண்டாம்தரச் சமாதானமாகிவிடுகிறது.

இந்தத் துறையை உருவாக்கியவர்களின் கதை வேறு. கிளாஸ்கோ மகப்பேறு மருத்துவர் இயன் டொனால்டு, இரண்டாம் உலகப் போரில் விமானப்படையில் இருந்தபோது ராடாரைப் பார்த்துப் பழகியவர். 1955-இல், அறுவைச் சிகிச்சையில் எடுத்த கட்டிகளையும், ஒப்பிட்டுப் பார்க்க ஒரு துண்டு மாட்டிறைச்சியையும் காரில் ஏற்றிக்கொண்டு, ரென்ஃப்ரூவிலிருந்த பாப்காக் அண்டு வில்காக்ஸ் என்ற கொதிகலன் தொழிற்சாலைக்குப் போனார். இரும்பில் விரிசல் தேடும் ஒலிக்கருவியால் கட்டியின் வகையைப் பிரித்தறிய முடிகிறது என்று அங்கே கண்டார். கர்ப்பிணிகளுக்கு இன்று எடுக்கும் ஸ்கேனின் பிள்ளையார்சுழி அதுதான். சிடி ஸ்கேனைத் தந்த காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்டோ மருத்துவரே அல்ல. விமானப்படையில் ராடார் பயிற்றுநராக இருந்து, பிறகு இஎம்ஐ நிறுவனத்தில் கணினியோடு மல்லுக்கட்டிய பொறியாளர். 1971-இல் அவரது கருவி முதல் நோயாளியின் மூளையைப் படமெடுத்தது. 1979-இல் நோபல் பரிசு வந்தது. இருவரையும் இழுத்து வந்தது கருவியோடு கிடைத்த பழக்கம்.

அந்தப் பழக்கத்துக்கு வேண்டியதெல்லாம் செங்கல்பட்டு மாவட்டத்தில் குவிந்து கிடக்கிறது. மாமல்லபுரத்துக்குத் தெற்கே கல்பாக்கத்தில், இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில், உலைக் குழாய்களின் வெல்டிங்கில் குறை இருக்கிறதா என்று எக்ஸ்ரேயாலும் அல்ட்ராசவுண்டாலும்தான் பார்க்கிறார்கள். டொனால்டு தேடிப்போன அதே வித்தை. மூளையும் இதயமும் உண்டாக்கும் மிக நுண்ணிய காந்தப்புலத்தை அளக்கும் ஸ்குவிட் உணரிகளையும் அங்கேயே செய்திருக்கிறார்கள். வடக்கே தாம்பரத்தில் 1928-இல் சௌரி முத்து தொடங்கிய காசநோய் மருத்துவமனை, இன்று அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை. செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி 1965-லிருந்து இருக்கிறது. ஆனாலும் கல்பாக்கத்துக்குப் பக்கத்திலிருக்கும் சதுரங்கப்பட்டினத்துப் பிள்ளைக்கு அணு ஆராய்ச்சி மையம் தூரத்தில் தெரியும் கட்டடம். மருத்துவக் கல்லூரி பாட்டியைச் சேர்க்கும் இடம்.

இந்த இடங்களுக்குள் பள்ளிப் பிள்ளைகளை அழைத்துப்போய்க் காட்டலாமே என்றால், ‘பிள்ளைகளைக் கதிர்வீச்சுக்குப் பக்கத்தில் கொண்டுபோவதா?’ என்பார்கள். எக்ஸ்ரே குழாய் மின்விளக்கு மாதிரி. சுவிட்சை அணைத்தால் கதிர் இல்லை. எம்ஆர்ஐ காந்தம்தான் எந்நேரமும் விழித்திருக்கும். அதைக் கண்ணாடிக்கு இப்புறம் நின்று பார்த்தால் போதும். நோயாளிகளின் அந்தரங்கம் கெடும் என்ற கவலை இதைவிட நியாயமானது. நோயாளி இல்லாத வேளையில், ஒரு பொம்மையை நிறுத்திக் காட்டினால் அதுவும் தீரும். செயற்கை நுண்ணறிவு வந்தபின் இந்த வேலையே இருக்காது என்ற வாதத்துக்குத்தான் கொஞ்சம் நின்று பதில் சொல்ல வேண்டும். காசநோயைக் கண்டறிய, 15 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களின் நெஞ்சு எக்ஸ்ரேயைக் கணினி வாசிப்பதை உலக சுகாதார அமைப்பு 2021-இல் ஏற்றுக்கொண்டது உண்மை. ஆனால் வாசிக்கப் படம் வேண்டுமே. இருமிக்கொண்டே நிற்கும் பெரியவரை நெஞ்சு தட்டில் ஒட்டும்படி நிறுத்தி, முகவாயைத் தூக்கி, தோள்களை முன்னால் உருட்டச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் தோள்பட்டை எலும்பு நுரையீரலின் மேல் விழும். ‘மூச்சை நல்லா இழுங்க, அப்படியே பிடிச்சுக்கோங்க’ என்று சொல்லி, அவர் பிடித்திருக்கும் அந்த நொடியில் பொத்தானை அழுத்த வேண்டும். படம் கலங்கினால் எந்தக் கணினியும் தடுமாறும்.

சம்பளம் குறைவு என்ற ஆட்சேபத்தை மறுப்பதற்கில்லை. துணை மருத்துவப் பணிகளுக்கான 2021-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் இத்துறையினரைப் பதிவேட்டில் கொண்டுவரச் சொல்கிறது. முறையான பயிற்சி இல்லாதவரை மலிவாக அமர்த்தும் பழக்கத்தை அது ஓரளவு கட்டுப்படுத்தலாம். சம்பளம் தனிப் போராட்டம். பார்க்க வாய்ப்புக் கொடுப்பதற்கோ எந்தச் சட்டமும் தேவையில்லை. ‘நான் முதல்வன்’ திட்டத்தில் அரசுப் பள்ளி மாணவர்களைக் கல்லூரிகளுக்குக் களப்பயணம் அழைத்துப் போகிறார்கள். அந்தப் பட்டியலில் மருத்துவக் கல்லூரியின் எக்ஸ்ரே அறையையும், கல்பாக்கத்தின் வெல்டிங் சோதனைக்கூடத்தையும் மாவட்டக் கல்வி நிர்வாகம் சேர்க்கட்டும். திருக்கழுக்குன்றம், மாமல்லபுரம் அரசுப் பள்ளிகளின் பதினோராம் வகுப்பிலிருந்து தொடங்கலாம். பன்னிரண்டில் தேர்வுப் பயம் வந்துவிடும்.