சிலிகாவின் முகத்துவாரம்

ஒடிசா மாநிலத்துச் சிலிகா ஏரியில், மகாநதியின் கிளைகளான தயாவும் பார்கவியும் கொணரும் நன்னீரும் வங்கக் கடலின் உவர்நீரும் பருவத்துக்குப் பருவம் ஒன்றையொன்று தள்ளியும் தழுவியும் கலந்துவந்த அந்த ஸ்திரமற்ற நிலையே, மீனுக்கும் இறாலுக்கும் நண்டுக்கும், அவற்றை நம்பிய மீனவ ஜனங்களுக்கும் ஜீவாதாரமாக விளங்கியது. வண்டல் படிந்து, கடலை நோக்கிய நீண்ட கால்வாய் தூர்ந்து, முகத்துவாரமும் விலகிப் போகவே, உவர்ப்புக் குன்றி, நன்னீர்க் களைகள் நீர்ப்பரப்பை ஆக்கிரமித்து, மீன்வளம் க்ஷீணித்தது. 1981-ல், சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் இடம்பெற்ற ஏரி, 1993-ல் அபாயத்துக்குள்ளான ஈரநிலங்களின் வரிசையில் சேர்க்கப்பட்டது. 2000 செப்டம்பரில் மணல்திட்டை வெட்டிப் புதிய முகத்துவாரம் திறந்தபின், கடலுக்குச் செல்லும் வழி சுமார் 18 கிலோமீட்டர் குறைந்து, உவர்ப்பு திரும்பி, மீன்பாடு பெருகியதனால், 2002-ல் அவ்வரிசையிலிருந்து அது நீக்கப்பட்டது.

மகத்தான காரியந்தான்; ஆயினும், அலைகள் ஓயாது மணலை நகர்த்தும் கரையில் ஒருமுறை வெட்டிய வாய் நிரந்தரமாய் நிலைப்பதில்லை என்பதையும், மேலே நதிகளில் தேக்கப்படும் நீரில் ஏரிக்குரிய பங்கு உரிய பருவத்தில் வந்தாலன்றிக் கடல்நீரின் வரவு மட்டும் சமநிலையைத் தராது என்பதையும் அரசினர் மறக்கலாகாது. இறால் வளர்க்கக் கட்டும் வலைத்தடுப்புகளோ, மீன்குஞ்சுகளின் சஞ்சாரத்தையே மறிக்கின்றன. அவற்றை அகற்றுவதில் தயக்கத்துக்கு நியாயமில்லை.

நமது பழவேற்காட்டு ஏரியிலும் முகத்துவாரம் அடிக்கடி தூர்ந்துவிட, மீனவர் படகு செல்ல வழியின்றித் தவித்துவந்துள்ளனர். அங்கே மணல் அகற்றும் பணியை, முறையீடு எழுந்தபின் செய்யும் தற்காலிகக் காரியமாக விடாது, ஆரணியாறு, காளங்கி ஆகிய நதிகளின் நீர்வரத்தோடு இணைத்து, தமிழக, ஆந்திர அரசுகள் கூட்டாகத் திட்டமிடல் அவசியம்.