நொட்டாங்கையும் 12 போர் துப்பாக்கியும்

துப்பாக்கி என்றதும் பயந்துவிடாதீர்கள் மக்களே. வானத்தில் பறக்கும் தட்டைச் சுடுகிற விளையாட்டுத் துப்பாக்கி பற்றித்தான் சொல்லப்போகிறேன். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்ஸில் ராஜ்யவர்தன் சிங் ராத்தோர் டபுள் ட்ராப்பில் வெள்ளி வாங்கினாரே, அந்த ரகம். 2024 பாரிஸ் ஒலிம்பிக்ஸில் நம்ம புதுக்கோட்டைக்காரர் பிருத்விராஜ் தொண்டைமான் ட்ராப் பிரிவில் இந்தியாவுக்காக ஆடியதும் இதே ரகம்தான். ஷாட்கன். ஒரு குண்டுக்குப் பதிலாக ஒரு கொத்து ஈயப் பால்ரஸ் பாயும். (களிமண் தட்டு என்று பெயர்தானே தவிர அதில் களிமண் கிடையாது. சுண்ணாம்புக்கல் தூளும் கீலும் கலந்து வார்த்தது.)

நான் படிக்கிற அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் இதற்கு ஒரு மாணவர் கிளப் இருக்கிறது. ஐந்து பேர் வரிசையாக நிற்க வேண்டும், ஆளுக்கு 25 தட்டு. நான் எழுதுவது, சாப்பிடுவது, கேரம் ஆடுவது எல்லாமே பீச்சாங்கையில். சாப்பிடுவதற்கு வாங்கிய திட்டு தனிக்கதை, அது இங்கே வேண்டாம். இடது கைக்காரன் ஷாட்கன் தேர்ந்தெடுக்கப் போனால் என்ன புத்திமதி கிடைக்கிறது, அதில் எவ்வளவு தேறும் என்பதுதான் இன்றைய மேட்டர்.

கடையில் கேட்டாலும் கிளப்பில் கேட்டாலும் முதல் வசனம் ஒன்றுதான்: "காலித் தோட்டா உன் மூஞ்சிக்குக் குறுக்கே பறக்கும், பார்த்துக்க." பெரும்பாலான பம்ப், ஆட்டோமேட்டிக் ஷாட்கன்களில் சுட்ட தோட்டா வலப்பக்கம் தெறிக்கும். வலது தோளில் வைத்துச் சுடுகிறவருக்கு அது வெளிப்பக்கம். எனக்கு அது முகத்துக்கு முன்னால். ஆகவே இடப்பக்கம் தெறிக்கிற 'லெஃப்ட் ஹேண்ட்' மாடல் வாங்கு, இல்லாவிட்டால் பேசாமல் வலது கைக்கு மாறிவிடு. இதுதான் வழக்கமான தீர்ப்பு.

என் கட்சி வேறு. காலித் தோட்டா பறப்பது இருக்கிற கவலைகளிலேயே சின்னக் கவலை. பெரிய கவலைகள் கண்ணும் கட்டையும். அதைப் பற்றி யாரும் வாயைத் திறப்பதில்லை.

முதலில் கண். எழுதுகிற கையைப் போலவே கண்ணிலும் ஒன்று ஆதிக்கக் கண். இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, விரல்களுக்கு நடுவே சின்ன முக்கோண ஓட்டை விட்டு, அதற்குள்ளாக தூரத்துச் சுவிட்ச் போர்டையோ கடிகாரத்தையோ இரு கண்ணும் திறந்தபடி பாருங்கள். பிறகு ஒவ்வொரு கண்ணாக மூடுங்கள். எந்தக் கண் மட்டும் திறந்திருக்கும்போது பொருள் ஓட்டைக்குள்ளேயே நிற்கிறதோ, அதுதான் உங்கள் ஆதிக்கக் கண். ஷாட்கனில் இது ஏன் முக்கியம் என்றால், ரைஃபிளில் இருப்பதைப் போலப் பின்பக்கக் குறி இதில் இல்லை. குழல் நுனியில் ஒரு சின்ன மணி, அவ்வளவுதான். பின்பக்கக் குறியின் வேலையைச் செய்வது உங்கள் கண். ஆகவே துப்பாக்கி எந்தத் தோளில் என்பதை முடிவு செய்யவேண்டியது கண்தான், பேனா பிடிக்கிற கை அல்ல.

இதில் ஒரு வேடிக்கை. உலகத்தில் இடது கைக்காரர்கள் ஏறத்தாழ பத்தில் ஒருவர். இடது கண் ஆதிக்கம் உள்ளவர்களோ ஏறத்தாழ மூன்றில் ஒருவர். அதாவது சோத்துக்கைக்காரர்களிலேயே ஏராளமானவர்களுக்கு இடது கண்தான் எஜமானன். "எனக்கு எதற்கு இந்த நொட்டாங்கைக் கதை" என்று தாண்டிப் போக நினைத்தவர்கள் கொஞ்சம் நில்லுங்கள். வலது தோளில் வைத்து, இடது கண் குறுக்கே புகுந்து குறி பார்த்தால், அடி தட்டுக்கு இடப்பக்கம் போய்க்கொண்டே இருக்கும். காரணம் தெரியாமல் துப்பாக்கியைத் திட்டுவார்கள். கண்ணாடியின் இடது வில்லையில், கண் குறி பார்க்கிற இடத்தில் மட்டும் ஒரு சின்ன மங்கல் டேப்பை ஒட்டிக்கொண்டு சுடுகிறவர்கள் இவர்கள்தான். சிலர் மொத்தமாக இடது தோளுக்கே மாறிவிடுகிறார்கள்.

எனக்குக் கையும் இடது, கண்ணும் இடது. என்னிடம் வந்து "வலதுக்கு மாறிக்க, நிறைய மாடல் கிடைக்கும்" என்பது, ஊரில் எட்டாம் நம்பர் செருப்புதான் அதிகம் விற்கிறது, காலை வெட்டிக்க என்பதைப் போல. கை இடது, கண் வலது என்று இருக்கிறவர்களுக்கு மட்டும் அது நல்ல யோசனை. முதல் நாளிலிருந்தே வலது தோளில் பழகினால் கடையில் உள்ள அத்தனை துப்பாக்கியும் அவர்களுக்கானது. மாற முடியாது என்றும் சொல்ல முடியாது. ஹங்கேரியின் காரோலி தகாச் 1938-ல் கையெறி குண்டு வெடித்து வலது கை போனபிறகு, இடது கையால் பழகி 1948, 1952 ஒலிம்பிக்ஸ் இரண்டிலும் தங்கம் வாங்கினார். ஆனால் அவருடையது பிஸ்டல். கன்னத்தில் கட்டையை ஒட்டவைக்கும் வேலை அதில் இல்லை. அவருக்கு வேறு வழியும் இல்லை.

அடுத்தது அந்தக் கட்டை. தோளில் பதியும் பின்கட்டை நேராக இருப்பதாகத்தான் பார்த்தால் தோன்றும். பல துப்பாக்கிகளில், முக்கியமாக ஒன்றின் மேல் ஒன்றாக இரட்டைக் குழல் வைத்த விலை கூடிய ரகங்களில், அது லேசாக வலப்பக்கம் வளைந்திருக்கும். சில மில்லிமீட்டர்தான். வலது கைக்காரர் கன்னத்தை வைத்ததும் வலது கண் குழலின் நடுக்கோட்டுக்கு நேராக வருவதற்காக இந்த ஏற்பாடு. அதை இடது கைக்காரர் தோளில் வைத்தால் எல்லாமே தலைகீழ். வளைவு கன்னத்தை நோக்கி வரும், கண் நடுக்கோட்டுக்கு இடப்பக்கம் தள்ளிப்போகும்.

சில மில்லிமீட்டரில் என்ன குடி முழுகிவிடும் என்கிறீர்களா? கணக்குப் போடுவோம். கண்ணிலிருந்து குழல் நுனி சுமார் 1 மீட்டர். கண் 3 மி.மீ. நகர்ந்தால், 30 மீட்டர் தூரத்தில் அடி சுமார் 9 செ.மீ. இடப்பக்கம் போகும். தட்டின் குறுக்களவே கிட்டத்தட்ட 11 செ.மீ.தான். கண் 6 மி.மீ. நகர்ந்தால் 18 செ.மீ. பால்ரஸ் விரிந்துதானே போகிறது, ஓரத்தில் பட்டாலும் உடையுமே என்று சமாதானம் சொல்லலாம். சில நேரம் உடையும். ஆனால் அந்தக் கொத்து நடுவில்தான் அடர்த்தி, ஓரத்தில் ஓட்டை ஓட்டையாக இருக்கும். தட்டு அந்த ஓட்டை வழியாக ஹாயாகப் போய்விடும். கூடவே இன்னொரு தொல்லை: ஒவ்வொரு முறையும் உதைக்கும்போது வளைந்த கட்டை கன்ன எலும்பில் அறையும். 25 தட்டு முடிவதற்குள் அடுத்த அடியை எதிர்பார்த்து முகம் தானாகத் தூக்கும். முகம் தூக்கினால் குறியும் போச்சு.

காலித் தோட்டா இப்படி எதையும் செய்யாது. அது முகத்துக்கு முன்னால், வலப்பக்கமாக விலகிப் போகிறது. கண்ணை உறுத்தும் கரித்தூள் கொஞ்சம் வரலாம். அதற்குத்தான் பாதுகாப்புக் கண்ணாடி. அது இரு கைக்காரருக்கும் கட்டாயம். இதில் நமக்கு ஒரு லாபமும் உண்டு. தோட்டாவை ஒவ்வொன்றாக வலப்பக்கத் திறப்பில் போடும்போது, நம் இடது கை பிடியிலேயே இருக்க, சும்மா இருக்கிற வலது கை நேராகப் போட்டுவிடும். சோத்துக்கைக்காரர் அடியில் கையைச் சுற்றிக்கொண்டு வரவேண்டும். இதற்கு மட்டும் உலகம் நம் பக்கம் :-)

மூன்றாவது சேஃப்டி. ரெமிங்டன் 870 எங்கே போனாலும் கண்ணில் படும். 1950 முதல் செய்கிறார்கள். அதன் சேஃப்டி, விசைக்குப் பின்னால் குறுக்கே ஓடும் ஒரு பொத்தான். வலது ஆள்காட்டி விரலால் வலமிருந்து இடமாகத் தள்ளினால் சுடத் தயார். என் ஆள்காட்டி விரல் இருப்பது இடப்பக்கம். அந்தப் பொத்தானை எட்ட விரலைச் சுற்றி வளைக்கவேண்டும், அல்லது பிடியையே விடவேண்டும். ட்ராப்பில் நம் முறை வரும்வரை துப்பாக்கியைத் திறந்தே வைத்திருப்பதால் இது பெரிதாக உறுத்தாது. வேட்டைக்குப் போகிறவருக்கு உறுத்தும். விசைக்குப் பக்கத்தில் விரல் தடுமாறுவது யாருக்கும் நல்லதல்ல. பொத்தானை மாற்றித் தரச்சொல்லித் துப்பாக்கி மெக்கானிக்கிடம் கொடுக்கலாம்.

மாஸ்பெர்க் 500-ல் இந்தப் பிரச்சினையே இல்லை. சேஃப்டி மேலே, கட்டைவிரலுக்கு அடியில், நட்டநடுவில். கட்டையும் ஏறக்குறைய நேர். ஆனால் அதே கம்பெனியின் மலிவுத் தம்பி மேவரிக் 88-ல் மேல் சேஃப்டி கிடையாது, பழையபடி குறுக்குப் பொத்தான். மாணவர் பட்ஜெட்டில் கை முதலில் அந்தத் தம்பியிடம்தான் போகும், ஜாக்கிரதை. காலித் தோட்டா விஷயம் மனதை அரித்துக்கொண்டே இருந்தால் இத்தாக்கா 37 இருக்கிறது. 1937-ல் வந்த மாடல். தோட்டா போடுவதும் கீழே, வெளியே வருவதும் கீழே. பிரவுனிங் பிபிஎஸ்-ஸும் அப்படித்தான், அதில் சேஃப்டியும் மேலே. பழைய துப்பாக்கி அலமாரியில் இவை கண்ணில் பட்டால் எடுத்துத் தோளில் வைத்துப் பாருங்கள்.

ஆட்டோமேட்டிக்கில் பெனெல்லி, பெரெட்டா போன்றவற்றின் பல மாடல்களுடன், கட்டைக்கும் உடலுக்கும் நடுவே வைக்கும் மெல்லிய தகடுகள் கூடவே வரும். அவற்றை மாற்றிப் போட்டால் கட்டையின் சாய்வு இடப்பக்கம் திரும்பும். என்னைக் கேட்டால், இடப்பக்கம் தெறிக்கிற அபூர்வ மாடலைத் தேடிக் கூடுதல் டாலர் கொடுப்பதைவிட, வலப்பக்கம் தெறித்தாலும் கட்டையைத் திருப்பிக்கொள்ள முடிகிற ஒன்று மேல். இரட்டைக் குழலில் மரக்கட்டையைச் சூடேற்றி மெதுவாக இடப்பக்கம் வளைத்துத் தருகிற ஆட்கள் இருக்கிறார்கள். பிளாஸ்டிக் கட்டைக்கு அந்த வைத்தியம் பலிக்காது. திறக்கிற நெம்பு வலப்பக்கம் தள்ளுவதாக இருக்கும், அது பழகிவிடும். ஆனால் பிடியின் வலப்பக்கம் உள்ளங்கைக்கு என்று மேடு செதுக்கிய ரகங்களைத் தொடாதீர்கள். மேடு நம் விரல்களின் கீழே வந்து உட்காரும்.

'இரு கைக்கும் ஏற்றது' என்று அட்டையில் போட்டிருந்தால் எது ஏற்றது என்று கேளுங்கள். பல நேரம் சேஃப்டியை மட்டும் சொல்கிறார்கள்.

டிஸ்கி: இங்கே மாணவர் விசாவில் இருக்கிற நம்மவர்களுக்கு. அமெரிக்கக் கூட்டரசுச் சட்டப்படி குடியேறா விசாக்காரர்கள் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது. ஏதாவது ஒரு மாநிலம் கொடுத்த, காலாவதியாகாத வேட்டை உரிமம் கையில் இருந்தால் விலக்கு உண்டு. உங்கள் மாநிலச் சட்டம் தனி, அதையும் பாருங்கள். நான் ஒரு முயலைக்கூடத் துரத்தியதில்லை, ஆனாலும் என் பர்ஸில் வேட்டை உரிமம் இருக்கிறது.

கொசுறு: 12 போர் என்பதில் அந்த 12 என்ன? குழலின் உள்வாய்க்குச் சரியாகப் பொருந்தும் ஈய உருண்டைகள் 12 சேர்ந்தால் ஒரு பவுண்டு. அதனால்தான் 20 போர் என்றால் வாய் சிறியது. சரி, முக்கோணச் சோதனையைச் செய்துபார்த்துவிட்டு எந்தக் கண் என்று சொல்லுங்கள். சோத்துக்கைக்காரர்களும்தான்.