பத்து விழுக்காடு வடிகால், முழுக் கையெழுத்து

கிள்ளானிலும் பிரிக்ஃபீல்ட்ஸிலும் வாழும் மாணவர்களுக்குக் கட்டுமானத் தளம் புதிதல்ல. பள்ளிக்குப் போகும் வழியில் ஒரு தகர வேலி இருக்கும். அதில் ஓர் அறிவிப்புப் பலகை தொங்கும். மேம்பாட்டாளர், கட்டடக் கலைஞர், பொறியாளர், குத்தகையாளர் என்று வரிசையாகப் பெயர்கள் இருக்கும். நம்மில் பலர் அதைப் படிப்பதில்லை. படிக்க வேண்டும் என்பது என் கருத்து. ஏதேனும் நேர்ந்தால் பதில் சொல்ல வேண்டியவர்களின் பட்டியல் அது.

இதற்கான சான்று நம் கிள்ளான் பள்ளத்தாக்கிலேயே இருக்கிறது. 1993 டிசம்பர் 11, சனிக்கிழமை பிற்பகல். உலு கிள்ளானில் மலைச்சாரலின் கீழே நின்ற ஹைலண்ட் டவர்ஸ் குடியிருப்பின் மூன்று கட்டடங்களில் ஒன்று சரிந்து விழுந்தது. 12 மாடிக் கட்டடம் அது. 48 பேர் உயிரிழந்தனர். மற்ற இரு கட்டடங்களில் வசித்தவர்களும் வெளியேற்றப்பட்டனர். அவர்கள் மீண்டும் அங்கே குடியேறவே இல்லை.

அதற்கு முன் பல நாள் மழை பெய்திருந்தது. அப்படியானால் மழைதான் காரணமா? அறிவியல் என்ன சொல்கிறது என்று பார்ப்போம்.

சரிவான நிலத்தை நிறுத்தி வைப்பதில் மண் துகள்களுக்கு இடையிலான உராய்வுக்குப் பெரும் பங்கு உண்டு. துகள்களின் இடைவெளிகளில் நீர் நிறைந்தால், அந்த நீரின் அழுத்தம் துகள்களை விலக்கப் பார்க்கும், உராய்வு குறையும். அதே வேளையில் மண்ணின் எடையும் கூடும். ஒரு கன மீட்டர் நீரின் எடை 1,000 கிலோகிராம். பிடிமானம் குறைந்து பாரம் கூடினால் மண் வழுக்கும். ஆகவே, மலைச்சாரலில் வடிகால்தான் உயிர்க்காப்பு. மழையை யாராலும் நிறுத்த முடியாது. மழைநீர் எங்கே போக வேண்டும் என்பதை முடிவு செய்வது மனிதர்களின் வேலை.

ஹைலண்ட் டவர்ஸின் பின்புறச் சரிவில் ஓர் ஓடை இருந்தது. அது குழாய் வழியே திருப்பிவிடப்பட்டிருந்தது. சரிவின் மேற்பகுதியில் வேறொரு திட்டத்துக்காக நிலம் துப்புரவு செய்யப்பட, அங்கிருந்து வழிந்த நீரும் அந்த ஓடைக்கே வந்தது. இறுதியில் தாங்குசுவர்கள் இடிந்தன. மண் நகர்ந்து கட்டடத்தின் அடித்தளத் தூண்களைத் தள்ளியது. மேலிருந்து இறங்கும் எடையைத் தாங்க அமைக்கப்பட்ட தூண்கள் அவை. பக்கவாட்டு விசையைத் தாங்கும்படி அவை அமைக்கப்படவில்லை.

வழக்கு நீதிமன்றத்துக்குப் போனது. 2000-ஆம் ஆண்டு உயர்நீதிமன்றம் தீர்ப்பு வழங்கியது. வடிகால் வேலை முடிந்துவிட்டதாகப் பொறியாளர் அதிகாரிகளுக்கு உறுதியளித்திருந்தார்; உண்மையில் முடிந்திருந்தது சுமார் 10 விழுக்காடு மட்டுமே. கட்டடக் கலைஞராகச் செயல்பட்டவரோ வரைவாளராக மட்டும் பதிவு பெற்றவர்.

பொறுப்பை நீதிமன்றம் இவ்வாறு பகிர்ந்தளித்தது: மேம்பாட்டாளர் 15 விழுக்காடு, கட்டடக் கலைஞர் 10, பொறியாளர் 10, அம்பாங் ஜெயா நகராண்மைக் கழகம் 15, பின்புற நிலத்தின் உரிமையாளர் 30, மேலே நிலத்தைத் துப்புரவு செய்த நிறுவனமும் அதன் திட்ட மேலாளரும் சேர்ந்து 20. மேல்முறையீட்டுக்குப் பின், 2006-இல் கூட்டரசு நீதிமன்றம், நகராண்மைக் கழகத்துக்குச் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு எனக் கூறி அதை விடுவித்தது.

இந்தக் கணக்கை நன்றாகக் கவனியுங்கள். இவர்களில் யாரும் எவரையும் கொல்ல நினைக்கவில்லை. ஒவ்வொருவரும் தம் எல்லைக்குள் இருந்த வேலையை மட்டும் பார்த்தார்கள். மேலே நிலத்தைத் துப்புரவு செய்தவருக்குத் தம் நிலத்தை விட்டு நீர் வெளியேறியதே போதுமானதாக இருந்திருக்கும். அந்த நீர் கீழே யார் வீட்டுக்குப் பின்னால் தேங்கும் என்று கேட்க வேண்டியதும் அவர் வேலைதான் என்றது நீதிமன்றம். பொறுப்பை விழுக்காடாகப் பிரிக்கலாம். சரிவு அப்படிப் பிரிந்து விழவில்லை.

திட்ட மேலாண்மைப் பாடத்தில் காலம், செலவு, தரம் என்ற மூன்றையும் சொல்லித் தருவார்கள். வேலிக்கு வெளியே இருக்கும் மனிதர்கள் என்பதை நான்காவதாகச் சேர்க்க வேண்டும். அவர்கள் பணம் கொடுப்பவர்கள் அல்லர். கூட்டத்தில் அவர்களுக்கு நாற்காலி இல்லை. ஆனால், தவறு நடந்தால் முதலில் பாதிக்கப்படுவது அவர்கள்தான்.

“முதலாளி கையெழுத்துப் போடச் சொன்னால், பொறியாளர் மறுக்க முடியுமா? வேலை போய்விடுமே!” என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். தனி ஒருவரின் துணிச்சலை மட்டும் நம்பினால் போதாது. வடிகாலுக்கான பணத்தைத் தொடக்கத்திலேயே ஒதுக்க வேண்டும். ஒருவரின் வடிவமைப்பைத் தொடர்பில்லாத இன்னொரு பொறியாளர் சரிபார்க்க வேண்டும். கீழே வசிப்பவர்களின் புகாரைக் கேட்க ஒருவர் இருக்க வேண்டும். இப்படி அமைத்தால், “இன்னும் முடியவில்லை” என்று சொல்வது துணிச்சலாக இருக்காது, அன்றாட வேலையாகிவிடும்.

2007 முதல், கட்டடம் குடியேறத் தகுந்தது என்னும் சான்றிதழை ஊராட்சி மன்றத்துக்குப் பதிலாக, திட்டத்தின் பொறுப்பை ஏற்ற கட்டடக் கலைஞரோ பொறியாளரோ வழங்கும் முறை நம் நாட்டில் நடைமுறைக்கு வந்தது. அந்தக் கையெழுத்தின் கனம் கூடியிருக்கிறது. ஆயினும் பாடம் முழுவதும் கற்கப்படவில்லை. அதே வட்டாரத்தில் 2002 நவம்பரில் தாமான் ஹில்வியூவில் ஏற்பட்ட நிலச்சரிவில் 8 பேர் இறந்தனர். 2008 டிசம்பரில் புக்கிட் அந்தராபங்சாவிலும் மண் சரிந்து உயிர்களைப் பறித்தது.

மாணவர்களே, இது பெரியவர்களின் விவகாரம் என்று எண்ண வேண்டாம். அறிவியல் குழுப்பணியில் ஐந்து பேர் இருக்கிறீர்கள். வெப்பநிலையை ஆறு முறை அளக்க வேண்டும். ஒருவர் இரண்டு முறை அளந்துவிட்டு மீதியை ஊகித்து எழுதுகிறார். மற்ற நால்வரும் பார்க்காமலே அறிக்கையில் பெயர் எழுதுகிறார்கள். அங்கே போவது சில புள்ளிகள்தான். ஆனால், பார்க்காததைப் பார்த்ததாக ஒப்புக்கொள்ளும் பழக்கம் அங்கேதான் தொடங்குகிறது.

உங்களில் சிலர் நாளை பொறியாளராகவோ திட்ட மேலாளராகவோ ஆவீர்கள். கையெழுத்துப் போடும் முன் மூன்று கேள்விகள் கேளுங்கள்: இந்த நீர் எங்கே போகிறது? கீழே யார் இருக்கிறார்கள்? நான் நேரில் போய்ப் பார்த்தேனா? மூன்றாவது கேள்விக்கு “இல்லை” என்பது பதிலானால், பேனாவை மூடிவிட்டுத் தளத்துக்குப் போங்கள்.